இஞ்சிக்கு இறங்காத வாய்வு: நெஞ்சில் அடிபட்டால் நாம் அறிய வேண்டியவை



லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் முதலில் வருகிற சொல் "வாய்வு" என்பதுதான். "வாயு புடிச்சிருக்கு, கொஞ்சம் இஞ்சித் தண்ணி குடி, சரியாயிடும்" என்று பாட்டி சொல்வார். வெள்ளைப்பூட்டைச் சுட்டுக் கொடுப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பி ஏப்பம் வருகிற வாய்வுக்கு அது போதும். அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் விறகு வெட்டப் போய் மரத்திலிருந்து விழுந்தவருக்கு நெஞ்சு வலித்தால்? கொழுந்து லொறி குடை சாய்ந்து அதில் அடிபட்டவருக்கு மூச்சு முட்டினால்? அங்கேயும் உடம்புக்குள் காற்று அடைபட்டிருக்கலாம். ஆனால் அது வயிற்றுக் காற்று அல்ல. நுரையீரலிலிருந்து வழி தவறி வெளியே வந்த காற்று. அது இஞ்சிக்கும் இறங்காது, பூண்டுக்கும் இறங்காது. சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்குள் ஆளையே கொண்டுபோய்விடும். இந்த இரண்டு வாய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

பேசாலையில் ஒரு தம்பி

பாடத்துக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இது நடந்த கதை அல்ல, நடக்கக்கூடிய கதை. ஆளுக்குப் பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்வோம்.

தம்பி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மலையில் வேலை குறைந்த மாதங்களில் கூட்டாளி ஒருவரோடு மன்னார்த் தீவுக்குப் போய், பேசாலையில் ஒரு சம்மாட்டியின் வாடியில் கருவாடு காயப்போடும் வேலைக்குச் சேர்ந்தான். பேசாலை நமக்கு அந்நிய இடம் அல்ல. மன்னார் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடலோர ஊர் அது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, நம் பாட்டன் பூட்டன்மார் பலர் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் பேசாலையைக் கடந்துதான் மலைநாட்டுக்கு வந்தார்கள். அதற்கு முந்திய காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வந்து சேராமல் வழியிலேயே இறந்தவர்களும் ஏராளம்.

ஒரு நாள் காலையில் படகைக் கரைக்கு இழுக்கும்போது அலை வந்து தூக்கியது. படகின் விளிம்பு தம்பியின் நெஞ்சில் மோதியது. இரத்தம் இல்லை, காயம் இல்லை. கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்துவிட்டு எழுந்தான். "என்னடா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கூட்டாளி கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, லேசா வலிக்குது. அவ்வளவுதான்" என்றான் தம்பி. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம்தான் காரணம். மத்தியானம் வலி கூடியது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. "வாயு புடிச்சிருக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். முதுகில் எண்ணெய் தேய்த்தார்கள். "வீட்டுக்குப் போய் நாலு நாள் படுத்து எழும்பு" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள்.

தம்பி இப்போது பஸ்ஸில் இருக்கட்டும். அவன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வருவோம்.

மூச்சு எப்படி நடக்கிறது?

நமது நெஞ்சு ஒரு கூடு. பக்கத்துக்கு 12 விலா எலும்புகள், அடியில் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற தசைத் தட்டு. இந்தக் கூட்டுக்குள் இரண்டு நுரையீரல்கள். கடற்பஞ்சு போல மெத்தென்று இருக்கும். அவற்றுக்குள் 30 கோடிக்கும் மேலான சின்னச் சின்னக் காற்றுப் பைகள் உண்டு.

நுரையீரலுக்குத் தானாக விரிகிற சக்தி இல்லை. விட்டுவிட்டால் இரப்பர் போலச் சுருங்கவே பார்க்கும். அதைச் சுருங்க விடாமல் வைத்திருப்பது எது? நுரையீரலுக்கு மேலே ஒரு மெல்லிய சவ்வு, நெஞ்சுச் சுவரின் உட்பக்கம் இன்னொரு சவ்வு. இரண்டுக்கும் நடுவில் மிகக் கொஞ்சம் நீர் மட்டும்தான் உண்டு, காற்றே கிடையாது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். நழுவும், ஆனால் பிரியாது. அதுபோலத்தான் நுரையீரலும் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெஞ்சு விரிந்தால் அதுவும் விரியும், காற்று உள்ளே வரும்.

அந்த இரண்டு சவ்வுக்கும் நடுவில் காற்று புகுந்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். நுரையீரல் சுருங்கிவிடும். இதைத்தான் டொக்டர்மார் "நியூமோதொராக்ஸ்" என்கிறார்கள். 1803இல் இட்டார் என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்தப் பெயரை வைத்தார். நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயைக் கண்டுபிடித்த லெனெக் என்ற வைத்தியர் 1819இல் இதன் அடையாளங்களை விவரமாக எழுதினார். நாம் இதை "நெஞ்சுக்கூட்டுக் காற்று" என்று சொல்லலாம்.

வெளிக்காயம் இல்லாமல் காற்று எப்படி வெளியே வரும்?

கத்திக்குத்து விழுந்தால் ஓட்டை விழும் என்பது எல்லோருக்கும் விளங்கும். தோலில் ஒரு கீறலும் இல்லாதபோது நுரையீரலில் எப்படி ஓட்டை விழும்? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது: விலா எலும்பு முறிந்து, அதன் கூரான முனை உள்நோக்கித் திரும்பி நுரையீரலைக் குத்தலாம்.

இரண்டாவது: எலும்பு முறியாமலே நடக்கலாம். அடி விழப்போகிறது என்று தெரிந்தவுடன் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அப்போது தொண்டை மூடிக்கொள்ளும், நுரையீரல் காற்றால் நிறைந்திருக்கும். பிள்ளைகள் கடதாசிப் பையை ஊதி, வாயைப் பிடித்து, கையால் "டப்" என்று அடித்து உடைப்பார்களே, அதே கதைதான்.

மூன்றாவது: பலமான அடியில் மூச்சுக் குழாயே கிழிந்துபோகலாம். இது அபூர்வம், ஆனால் மிகவும் ஆபத்தானது.

சிறு பிள்ளைகளைப் பற்றி ஒரு விசேஷக் குறிப்பு. பிள்ளைகளின் விலா எலும்பு இளம் மூங்கில் போல வளையும். ஆகவே எலும்பு முறியாமலே உள்ளே நுரையீரல் நசுங்கிக் காயப்படலாம். "எலும்பு ஒண்ணும் ஒடையல, பயமில்ல" என்று பிள்ளைகள் விஷயத்தில் சொல்லக்கூடாது.

இன்னொன்று: அடிபட்ட உடனேயே எல்லாம் தெரிந்துவிடும் என்றில்லை. காற்று மெல்ல மெல்லக் கசிந்து, பல மணி நேரம் கழித்தும், சிலருக்கு ஓரிரு நாள் கழித்தும் மூச்சுமுட்டல் தொடங்கலாம். காலையில் நடந்து திரிந்தவர் இரவில் திணறலாம்.

போகவும் விடாத, வரவும் விடாத காற்று

சைக்கிள் டியூபில் உள்ள வால்வை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பம்ப் அடித்தால் காற்று உள்ளே போகும், வெளியே வராது. நுரையீரலில் விழுந்த கிழிசல் சில சமயம் இந்த வால்வைப் போல வேலை செய்யும். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் போகும், திரும்பி வராது. காற்று சேரச் சேர அந்தப் பக்கத்து நுரையீரல் நசுங்கும். பிறகு இருதயத்தையே மற்றப் பக்கத்துக்குத் தள்ளும். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவருகிற பெரிய நரம்புகள் நெருக்கப்படும். இருதயத்துக்கு இரத்தம் வராவிட்டால் உடம்புக்கு இரத்தம் போகாது. ஆள் நீலம் பாரித்து, மயங்கி, நிமிடக் கணக்கில் இறந்துபோகலாம். இதுதான் மிகப் பெரிய ஆபத்து. "அமுக்கும் காற்று" என்று இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆனால் வைத்தியசாலையில் இதற்குப் பரிகாரம் மிகச் சுலபம். டொக்டர் ஒரு ஊசியாலோ குழாயாலோ அந்தக் காற்றை வெளியேற்றினால், சாகக் கிடந்தவர் கண் முன்னாலேயே மூச்சு விடத் தொடங்குவார். சிகிச்சை இவ்வளவு எளிது. அது கிடைக்கிற இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேருவதுதான் பெரிய காரியம்.

தோலுக்கடியில் பொரி சத்தம்

வழி தவறிய காற்று சில பேருக்குத் தோலுக்கடியிலும் வந்து சேரும். நெஞ்சு, கழுத்து, முகம் எல்லாம் வீங்கும். கண் இமைகூட மூடிக்கொள்ளும். குரல் மாறும். வீங்கிய இடத்தை மெல்லத் தொட்டால் நெற்பொரியை விரலால் நசுக்குவது போல "நொறுநொறு" என்று இருக்கும். பார்க்கிறவர்கள் "விஷம் ஏறிடுச்சு" என்றும், "கண்ணு பட்டுடுச்சு" என்றும் பயப்படுவார்கள்.

தோலுக்கடியில் உள்ள காற்று பெரும்பாலும் தானாக வற்றிவிடும், அதுவே ஆளைக் கொல்வது அரிது. ஆனால் உள்ளே எங்கோ கிழிசல் இருக்கிறது என்று அது அறிவிக்கிறது. இந்தப் பொரிச் சத்தம் விரலுக்குத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும், ஊசியால் குத்திப் பார்ப்பதும் கூடவே கூடாது.

வயிற்றில் அடிபட்டால்

சைக்கிளில் விழுந்து கைப்பிடி வயிற்றில் குத்துவது, மாடு உதைப்பது, சண்டையில் வயிற்றில் உதை விழுவது ஆகியவற்றிலும் வெளியே காயம் இருக்காது. ஆனால் உள்ளே இரைப்பையோ குடலோ கிழிந்து, அதிலுள்ள காற்றும் அழுக்கும் வயிற்று அறைக்குள் கொட்டலாம். வயிறு பலகை போல இறுகும், தொட்டால் தாங்க முடியாத வலி, வாந்தி, காய்ச்சல் வரும். உட்கார வைத்து எக்ஸ்ரே எடுத்தால், தசைத் தட்டுக்கு அடியில் காற்று பிறை போலத் தெரியக்கூடும். இதற்கு சத்திர சிகிச்சைதான் பரிகாரம். வயிற்றில் அடிபட்டு வலிக்கிறவருக்குச் சாப்பாடும் தேத்தண்ணியும் கொடுக்காதீர்கள். பேதி மருந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மலை ஏறினால் காற்று பெருக்கும்

இப்போது தம்பியின் பஸ்ஸுக்கு வருவோம். பேசாலை கடல் மட்டத்தில் உள்ள ஊர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். நுவரெலியாவில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று பெருக்கும்.

இதை நம் பிள்ளைகளே கண்டிருக்கிறார்கள். கீழ்நாட்டில் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்த முறுக்குப் பைக்கற், மலைக்கு வந்ததும் பலூன் போல உப்பி நிற்கும். அதே கணக்குத்தான் நெஞ்சுக்கும். கடற்கரையில் நான்கு பங்காக இருந்த அடைபட்ட காற்று நுவரெலியாவுக்கு வரும்போது ஐந்து பங்காகப் பெருக்கும். கிழிசலிலிருந்து புதிதாகக் கசிகிற காற்று வேறு. தம்பி அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று வந்து, வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் ஒவ்வொரு வளைவாக ஏறும்போது, அவன் நெஞ்சுக்குள் இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே கீழ்நாட்டில் நெஞ்சில் அடிபட்டவர், அங்கேயே வைத்தியசாலையில் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் மலை ஏறக்கூடாது.

கடலிலும் இதே விதிதான். மன்னார்க் கடலில் பழங்காலத்தில் முத்துக் குளித்தவர்கள் மேலே இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லைக் கட்டி இறங்கினார்கள். அது மேலே வந்தாலும் பழைய அளவுக்குத்தான் வரும். ஆனால் இன்று சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குகிறவர்கள், 10 மீற்றர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நெஞ்சில் உள்ள காற்று இரண்டு மடங்காகும். அடியே படாமல் நுரையீரல் கிழிந்துபோகும். கடல் தொழிலுக்குப் போகிற நம் பையன்கள் இதையும் மனதில் வைக்கட்டும்.

ஆகாயத்தில் நடந்த சிகிச்சை

இனிச் சொல்வது உண்மையில் நடந்தது. 1995ஆம் ஆண்டு மே மாதம் ஹொங்கொங்கிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட விமானத்தில் ஒரு பெண் ஏறினார். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார். கையில்தான் வலி என்றார். விமானத்தில் இருந்த இரண்டு டொக்டர்மார், பேராசிரியர் அங்கஸ் வொலஸும் டொக்டர் டொம் வொங்கும், கைக்குக் கட்டுப் போட்டார்கள். விமானம் உயரே போன பிறகு அவருக்கு நெஞ்சுவலியும் மூச்சுமுட்டலும் வந்தன. விழுந்தபோது விலா எலும்பும் முறிந்து, நெஞ்சுக்கூட்டில் காற்றுச் சேர்ந்திருந்தது. உயரத்தில் அது பெருத்துவிட்டது.

விமானத்தில் நெஞ்சுக்குழாய் இல்லை. சிறுநீர் எடுக்கும் இரப்பர்க் குழாய் ஒன்று இருந்தது. சட்டை மாட்டும் கம்பியை நேராக்கி, பிராந்தியால் கழுவி, அந்தக் குழாய்க்கு முறுக்காக வைத்தார்கள். விறைக்கும் மருந்து கொடுத்து, நெஞ்சில் சின்னதாக வெட்டி, குழாயை உள்ளே விட்டார்கள். மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் வைத்தார்கள். காற்று குமிழ் குமிழாக வந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

டொக்டர்மாரின் சாமர்த்தியத்தைப் புகழ்வதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. "கைதான் வலிக்குது" என்று நினைத்தவருக்கும் நெஞ்சில் காயம் இருந்தது. விழுந்தவரை முழுதாகப் பார்க்க வேண்டும், உயரத்துக்குப் போகுமுன் பார்க்க வேண்டும் என்பதே பாடம். படித்த டொக்டர்மார் வேறு வழியில்லாமல் செய்ததை நாம் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எப்போது பயப்பட வேண்டும்?

நெஞ்சிலோ முதுகிலோ விலாவிலோ அடிபட்டவருக்குக் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்:

1. மூச்சு இழுக்கும்போது ஒரு பக்கம் குத்துவது போன்ற வலி.

2. மூச்சு வாங்குதல். ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 30ஐத் தாண்டினால் பெரிய ஆபத்து.

3. நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்குவது, அல்லது ஒரு பகுதி மற்றதற்கு மாறாக உள்ளே போவது.

4. கழுத்திலோ நெஞ்சிலோ வீக்கம், தொட்டால் பொரி போல நொறுநொறுப்பு.

5. குரல் மாறுதல், இருமலில் இரத்தம்.

6. உதடும் நகமும் நீலம் பாரித்தல், கழுத்து நரம்பு புடைத்தல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், பிதற்றல்.

ஆறாவது அடையாளம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதலாவது போதும்.

என்ன செய்வது?

அடிபட்டவரை அவருக்கு மூச்சு விட வசதியான விதத்தில், சாய்ந்து உட்காரும்படி வையுங்கள். ஆனால் உயரத்திலிருந்து விழுந்து கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அசைக்காமல் வைத்திருங்கள்.

இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்குங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவை இது. தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்தச் சந்தியில் ஆள் நிற்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால், தோட்ட வாகனத்தில் மெயின் ரோட்டு வரை கொண்டுவந்து நில்லுங்கள். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் உடனே அறிவியுங்கள்.

மூச்சு நின்றுபோனால், பழகியவர்கள் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும்.

என்ன செய்யக்கூடாது?

நெஞ்சைச் சுற்றி வேட்டியாலோ சேலையாலோ இறுக்கிக் கட்டாதீர்கள். முறிந்த எலும்பைச் சேர்க்கிறோம் என்று நினைத்து மூச்சையே கட்டிவிடுவோம். எண்ணெய் போட்டு உருவாதீர்கள், "சுளுக்கு" எடுக்காதீர்கள். சாராயம் கொடுத்து வலியை மறைக்காதீர்கள். "தூங்கினா சரியாயிடும்" என்று தனியே படுக்க விடாதீர்கள். குத்திக்கொண்டிருக்கும் கம்போ கம்பியோ இருந்தால் பிடுங்காதீர்கள்.

வார்டில் கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தல்

நெஞ்சில் உள்ள காற்று கொஞ்சமாக இருந்தால் டொக்டர் ஒட்சிசன் கொடுத்து, திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். கூடுதலாக இருந்தால் விலாவுக்கு நடுவில் குழாய் போடுவார்கள். குழாயின் மறுமுனை தண்ணீர் உள்ள போத்தலுக்குள் இருக்கும். நெஞ்சிலிருந்து காற்று குமிழாக வெளியே வரும். தண்ணீர் மறித்து நிற்பதால் வெளிக்காற்று திரும்பி உள்ளே போகாது. விமானத்தில் தண்ணீர்ப் போத்தல் செய்த வேலை இதுதான்.

பக்கத்தில் துணைக்கு இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை. போத்தல் எப்போதும் நோயாளியின் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். இடைஞ்சலாக இருக்கிறதென்று கட்டிலில் தூக்கி வைத்தால், போத்தல் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். குழாயை மடிக்காதீர்கள், அதன் மேல் உட்காராதீர்கள். நீங்களாக அதைக் கவ்வி போட்டு மூடவோ போத்தலைக் கழுவி ஊற்றவோ வேண்டாம். போத்தல் சாய்ந்தாலோ, குழாய் கழன்றாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மூச்சுக்கு ஏற்பத் தண்ணீர் குழாய்க்குள் ஏறி இறங்குவது நல்லதுதான், பயப்பட வேண்டாம்.

நோயாளியை இருமச் சொல்லுங்கள், ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி கட்டி நிமோனியா வரும். வலி மருந்து கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

டொக்டர் சொன்ன நாளில் திரும்ப எக்ஸ்ரேக்குப் போக வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று கிளினிக்கை விடக்கூடாது. பாரம் தூக்குவது, கவ்வாத்து வெட்டுவது, கொழுந்துக் கூடை சுமப்பது ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பீடியும் சிகரெட்டும் கூடாது. விமானத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகவிருப்பவர்கள் டொக்டரின் அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. கடலில் மூழ்குவதும் அப்படியே. மறுபடி மூச்சு முட்டினால் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

மறைக்காமல் சொல்லுங்கள்

அடிபட்டதை நம்மில் பலர் மறைக்கிறோம். ஒருவர் சம்பளம் போகும் என்று மறைக்கிறார். ஒருவர் வெட்கத்தால் மறைக்கிறார். வீட்டில் அடி வாங்கிய அக்கா, தங்கச்சி "கான்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறார். எங்கே அடிபட்டது, எதனால் அடிபட்டது, எப்போது அடிபட்டது என்று சரியாகத் தெரிந்தால்தான் டொக்டர் சரியான இடத்தைப் பார்ப்பார். ஊருக்குச் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் டொக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

வேலைத்தலத்தில் அடிபட்டால் அன்றைக்கே கணக்கப்பிள்ளைக்கோ தோட்டக் காரியாலயத்துக்கோ அறிவித்து, பதிந்துகொள்ளச் செய்யுங்கள். வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு பெறுவதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. அறிவிக்காமல் விட்ட காயத்தைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

தம்பியின் கதையைத் திருப்பி எழுதுவோம்

இப்போது தம்பியைப் பஸ்ஸிலிருந்து இறக்கித் திரும்பப் பேசாலைக் கரைக்கே கொண்டுவருவோம். படகு மோதிவிட்டது. தம்பி மணலில் உட்கார்ந்திருக்கிறான். "ஒண்ணுமில்லண்ணே" என்கிறான். ஆனால் கூட்டாளி இந்தப் பாடத்தைப் படித்தவர். "நெஞ்சில பட்டிருக்குடா. ஒண்ணுமில்லன்னு நீ சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்லணும்" என்கிறார். சம்மாட்டியிடம் சொல்லி வாகனம் பிடிக்கிறார்கள். மன்னார் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். விலா ஒன்று முறிவு, நெஞ்சுக்கூட்டில் காற்று. குழாய் போடுகிறார்கள். சில நாளில் போத்தலில் குமிழ் நிற்கிறது. நுரையீரல் விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டுகிறது. டொக்டர் "இனி மலை ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் தம்பி பஸ் ஏறுகிறான்.

இரண்டு கதையிலும் படகு ஒன்று, அடி ஒன்று, தம்பியும் ஒன்று. மாறியது கூட்டாளி சொன்ன ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர் ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

கூடிப் பேச சில கேள்விகள்

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு கூடிப் பேசுங்கள்:

1. வயிற்று வாய்வுக்கும், அடிபட்டபின் வரும் நெஞ்சுக்கூட்டுக் காற்றுக்கும் என்ன வித்தியாசம்?

2. எலும்பு முறியாமலே நுரையீரல் எப்படிக் கிழியும்?

3. போத்தலை ஏன் நெஞ்சுக்கு மேலே தூக்கக்கூடாது?

4. நம் டிவிசனில் இரவில் ஒருவர் விழுந்து அடிபட்டால் யார் அழைப்பது, எந்த வாகனம், எந்தச் சந்தி வரை? இதை இன்றே பேசி முடிவு செய்து, பிள்ளைக் காம்பராவின் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.